நாலாவது சீடியும் வரட்டும் என்றேன்

மூன்றாவது பாட்டு வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டி வைக்கும் என் அண்ணே,

அன்று ஆஸ்பத்திரியில் நான் உன்னிடம் சொல்லாதது இதுதான்: சீடி பாரிஸை விட்டே கிளம்பவில்லை. அதைக் கிளம்பவிடாமல் பிடித்து வைத்திருந்தவள் நான்.

"வந்துருச்சா புள்ள?" என்று கேட்டாய்.

"கொழும்புக்கு வந்துருச்சுண்ணே. கஸ்டம்ஸ்ல கெடக்காம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். பிறகு சிரித்தாய். "சரி, கெடக்கட்டும். அவங்களும் நல்ல பாட்டு கேக்கணும்ல." பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, கொண்டுவந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன்.

ஆறு மாதமாகிவிட்டது. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் களைத்துப்போய்விட்டேன் அண்ணே. இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்.

அப்பா வாங்கி வந்த அந்தப் படப்பாட்டுக் கேசட்டை ரேடியோ மென்றபோது எனக்கு எட்டு வயது இருக்கும். நீ கசங்கிய நாடாவை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை செலோடேப் வைத்து ஒட்டினாய். அன்றிலிருந்து மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணம் இல்லை. முதல் சரணம் முடிந்ததும் ஒரு சின்ன 'டொக்'. உடனே கடைசிப் பல்லவி. நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பாடினோம். அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து சோறு வடிக்கும்போது பாடினாலும், அந்த இடத்தில் தாண்டித்தான் பாடுவாள்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. இன்டர்நெட்டில் கிடைத்தது படத்திலிருந்து எடுத்த பாட்டு. இரண்டாவது சரணம் வரும் இடத்தில் கதாநாயகன் பேச ஆரம்பித்துவிடுவான். "அந்த ஆளு வாய மூடுனா என்ன?" என்று போனைப் பார்த்துத் திட்டுவாய். அந்தப் பாட்டு முழுதாக இருந்தது சீடியில் மட்டும்தான். அதுவும் வெளிநாட்டில் கொஞ்சமாக அடித்து, விற்று முடிந்தது.

தேயிலை பெக்டரியில் ரோலர் சத்தத்துக்குள் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, தோட்டத்து லயத்தில் நம் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு நீ போனில் தேடுவாய். ஜப்பானில் ஒருவன் கேட்ட விலை உன் ஒரு மாதச் சம்பளம். "பாட்டுக்கா கேக்குறான், தோட்டத்துக்கா?" என்றாய். ஆனால் தேடத் தேட, வழிகளைக் கண்டுபிடித்தாய். சீடியின் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, வட்டையும் உள்ளே இருக்கும் தாளையும் மட்டும் மட்டைக்குள் வைத்து அனுப்பச் சொன்னால் எடை பாதிக்கும் கீழே குறையும். தபால் செலவும் குறையும். வழியில் உடைவதற்கும் ஒன்றுமில்லை.

விலாசம்தான் பிரச்சினை. வீட்டு இலக்கம், தெருப்பெயர் என்று கேட்பார்கள். லயத்துக்கு ஏது தெரு? அதனால் பதுளையில் நான் வேலை செய்யும் நூலகத்து விலாசத்தைக் கொடுத்தோம். மெல்லிய கவர்கள் புத்தகக் கவர்களோடு வந்து என் மேசையில் விழும். நான் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வர தெமோதரை வேன் ஏறுவேன்.

பெட்டிக்கு நீ போனது பதுளையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவுக்கு. இப்போது யாரும் சீடியில் கல்யாணம் வாங்குவதில்லை. அங்கே பழைய பெட்டிகள் அலுமாரி நிறையக் கிடந்தன. "கல்யாணம் கட்டுவேன்னு பாத்தா, பொட்டிய மட்டும் கட்டிக்கிட்டுப் போறியேடா" என்றார் முதலாளி. "பொண்ணு பாரிஸ்ல இருந்து வருதுங்க, தபால்ல" என்றாய் நீ. பெட்டிகளில் ஒட்டியிருந்த மாப்பிள்ளை, பெண் பெயர்களைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தாய். இன்னும் வராத சீடிக்கும் முன்கூட்டியே பெட்டி தயாராகிவிடும். பாட்டு வரிசையை உன் கையால் எழுதி உள்ளே வைத்து, சுவர்த் தட்டில் நிறுத்திவிடுவாய்.

நமக்குக் கடைசியில் கிடைத்தவர் பாரிஸில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். சீடிக்கடை வைத்திருந்து மூடியவர். நியாயமான விலை சொன்னார். "ஒண்டுக்கும் நாலுக்கும் ஒரே தபால் காசுதான் தங்கச்சி. சேத்து வைச்சிருக்கட்டோ?" என்று எனக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினார். இதைத்தானே நீயும் எப்போதும் சொல்வாய்? "ஒத்த சீடியக் கூப்பிடாத புள்ள. ஆள் சேரட்டும். வேன் நெறைஞ்சாத்தான் கெளம்பும்."

மூன்று சீடிகள் சேர்ந்துவிட்டன. மூன்றும் உனக்கு, அதில் ஒன்று அந்தப் படத்தின் சீடி. நாலாவது எனக்கு. நான் ரொம்ப நாளாகத் தேடிய ஒரு வீணை சீடி, அவருடைய நண்பரிடம் இருந்தது. அடுத்த வாரம் கிடைக்கும் என்றார். "நாலாவதும் வரட்டும், வச்சிருங்க" என்று எழுதினேன். அந்த வாரம்தான் உன்னை ஆஸ்பத்திரியில் மறித்து, வார்டில் வைத்துக்கொண்டார்கள். கிட்னிக்காக ரத்தம் சுத்தம் பண்ண வாரத்துக்கு இரண்டு தரம் வந்து போகிறவன்தானே, இரண்டு நாளில் விடுவார்கள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

உன்னிடம் பொய் சொல்லிவிட்டு வேனில் ஏறியபோது, மூன்றை மட்டும் இப்போதே அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். மழை. கண்ணாடியெல்லாம் புகை பிடித்த மாதிரி. வேன் நிறையவில்லை, கிளம்பவில்லை. இன்னும் ஒரு வாரம்தானே என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நீ போய்விட்டாய்.

நான்காம் நாள், யார் யாருக்குச் சொல்லாமல் விட்டோம் என்று பார்ப்பதற்காக உன் போனை எடுத்தேன். பாரிஸ்காரரின் பெயர் மேலேயே இருந்தது. நான் கஞ்சி கொண்டுவந்த அதே நாள். காலை பத்து மணி.

நீ: "அண்ணே, அந்த ஒரு சீடிய மட்டும் இன்னைக்கே அனுப்ப முடியுங்களா?"

அவர்: "தம்பி, தங்கச்சி நாலையும் ஒண்டாய் அனுப்பச் சொன்னவா. இதைத் தனிய அனுப்பினால் தபால் காசு ரெண்டு தரம் கட்ட வேணும். என்ன செய்ய?"

நீ: "அப்படின்னா வேணாங்க. அவ சொன்னபடியே இருக்கட்டும். நான் கேட்டேன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க."

அன்று சாயந்தரம்தான் நீ என்னிடம் கேட்டாய், வந்துருச்சா என்று.

தெரிந்துகொண்டு ஏன் கேட்டாய் அண்ணே? நான் உண்மையைச் சொல்வேனா என்று பார்த்தாயா? இல்லை, உன் வாயால் கேட்டால் நானே அனுப்பச் சொல்லிவிடுவேன் என்று நம்பினாயா? கஸ்டம்ஸ் என்றதும் சிரித்தாயே, அது யாருக்காக? நான் நிறையப் படித்தவள் என்று தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்வாய். உன் முகத்தில் இருந்ததை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பாரிஸ்காரருக்கு எழுதினேன். பிறகு ஒரு வரி: "எனக்குத் தெரியாமல் போச்சு தங்கச்சி. ஆஸ்பத்திரி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..." நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நம் வீட்டு வளர்ப்பு அப்படி.

இங்கே எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. உன் இடத்தில் ரோலருக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஸ்டூடியோ முதலாளி என்னைப் பார்த்தால் கடைக்குள் போய்விடுகிறார். நூலகத்துக்குத் தபால் வரும் நேரத்தில் எனக்கு வேறு வேலை எதுவும் ஓடுவதில்லை.

தட்டில் இன்னும் ஐந்து வெறும் பெட்டிகள் நிற்கின்றன, உன் கையெழுத்தோடு. அந்த ஐந்து சீடிகளையும் வாங்கி வைப்பேன். ஒவ்வொன்றையும் தனியாக வரவழைப்பேன். தபால் செலவு எவ்வளவு ஆனாலும் ஒன்றையும் இன்னொன்றுக்காகக் காக்க வைக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. நீ இருந்தால் திட்டுவாய். திட்டு.

கருமாதி முடிந்து பத்தாம் நாள் கவர் வந்தது. நான்கு வட்டுகளும் இருந்தன. உன் சீடியை உன் பெட்டியில் வைத்து, பிறகு எடுத்துப் போட்டேன். அம்மா அடுப்பு வேலையைப் பார்த்தபடி, தன்னை அறியாமல் கூடவே முணுமுணுத்தாள். மூன்றாவது பாட்டில் முதல் சரணம் முடிந்தது. அம்மா பழக்கத்தில் தாண்டிப்போய்ப் பல்லவியைப் பாடினாள். பாட்டு தாண்டவில்லை. அம்மா நிறுத்தினாள். இரண்டாவது சரணத்தை நாங்கள் இருவரும் வாய் திறக்காமல் கேட்டோம்.

வேனை நிறுத்தி வைத்த
உன் தங்கச்சி