பாட்டில் விழுந்த கறை

அன்பு மகன் நதீருக்கு யம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையில் முட்டிவலியைத் தவிர இங்கே எனக்குக் குறையொன்றும் இல்லை, நீயும் லியோன் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நானாக வைத்துக்கொள்கிறேன், நீ சொன்னால்தானே தெரியும். போன் இருக்க இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் குருவிக் கூண்டுப் பக்கம் வை என்கிறாய், அது பாடி முடித்ததும் சரி யம்மா வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கூண்டுப் பக்கம் வைக்கச் சொல்ல முடியாது பார், அதனால் எழுதுகிறேன். முடிவெட்டும் லக்தரின் மச்சினன் அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ பாட்டுப் போட்டிக்கென்று வளர்த்து விட்டுப்போன மக்னீன் குருவியை உன் அப்பா இருந்தவரை அவர்தான் பார்த்துக்கொண்டார், காலையில் கூண்டோடு தூக்கிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போய்விடுவார், எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அவர் போய் நான் இத்தாவுக்கு வெள்ளை உடுத்தினேனா, அது என்னைக் கண்டாலே கம்பியில் போய் மோதிக்கொண்டது, பாட்டையும் நிறுத்திவிட்டது. அடக்கத்துக்கு வர உனக்கு லீவு கிடைக்கவில்லை, சரி, அதை நான் கேட்கவில்லை. ஆனால் குருவி பாடவில்லை என்றதும் நீ சொன்னாயே, "யம்மா, அது வெள்ளைக்கு மிரளுது, கொஞ்ச நாளைக்கு வேற கலர் போட்டுக்கயேன்" என்று, அதுதான் என் வயிற்றில் இன்னும் எரிகிறது. புருஷன் போனவள் இத்தா முடியும்வரை வெள்ளை உடுத்துவது எதற்கென்று நம் பாப் எல் வாத் பேட்டையில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா? குருவி வாயில்லா ஜீவன், அதற்குத் தெரியாது. உனக்கு என்ன வந்தது? அப்பா கடைசியில் என்ன பேசினார் என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை.

வெள்ளையை மாற்ற மாட்டேன் என்றதும் பழகுகிற வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தாய். தினமும் பக்கத்தில் போய் உட்கார், அதனிடம் எதையும் எதிர்பார்க்காதே, மெதுவாகப் பேசிக்கொண்டே இரு, தீனியை உன் கையாலேயே கொடு, ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாய். ஒரு உயிரோடு ஒட்டுவது எப்படி என்று இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே, அடேயப்பா என்று இருந்தது எனக்கு. நானும் இத்தாவில் வெளியே போக முடியாதவள்தானே, வெள்ளரித் துண்டும் கையுமாக உட்கார்ந்தேன். முதலில் கம்பி ஓரம் வந்தது, அப்புறம் விரலிலிருந்து கொத்தியது, பிறகு ஒரு மத்தியானம் இந்த வெள்ளைக் கையின் மேலேயே ஏறி நின்றுகொண்டு பாடியது. அல்லாஹ் சாட்சியாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

நீயோ அதற்குள் என் கையில் குருவி வீணாகிவிடும் என்று, அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி லக்தரிடம் பேசியிருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவனும் உன்னைப்போல் குருவிப் பித்தன்தானே, வந்தவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கூண்டுக்கு முன்னால் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பெரியம்மா, பாட்டுல கறை விழுந்துடுச்சு, நடுவுல ஒரு விக்கல் வருது கேளுங்க, ஏதோ கண்ட பறவைகிட்ட கத்துக்கிட்டிருக்கு, இனி இது போட்டிக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கூண்டை வைத்துவிட்டுப் போனான். மறுநாளே உன் போன் வந்தது, எந்தப் பறவையைப் பக்கத்தில் விட்டாய் என்று அப்படிக் கத்தினாய். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன்.

இந்த வீட்டுக்கு வேறெந்தப் பறவையும் வரவில்லை நதீர். பக்கத்தில் உட்கார்ந்து பேசு என்றாய், பேசினேன், பேச்சு தீர்ந்தபோது அழுதேன். அந்த விக்கல் என்னுடையது. அது கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. நீயும் அதைப் போனில் எத்தனை தடவை கேட்டாய், பாட்டு கெட்டது உனக்குத் தெரிந்தது, உன்னைப் பெற்றவள் அழுதது தெரியவில்லை. பெத்த மனம் பித்து பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

போகட்டும். அல்லாஹ் உன் உடம்புக்குச் சுகமும் உன் உழைப்புக்குப் பரக்கத்தும் தரட்டும், கெட்ட கண் உன்மேல் படாதிருக்கட்டும், தாய் மனம் நொந்தது உன்னை அண்டாதிருக்கட்டும், அதற்கும் நானேதான் துஆ கேட்கிறேன். மச்சினன் கையில் அத்திப்பழமும் ரவையும் கொடுத்திருக்கிறேன், ரவையை ஈரம் படாமல் வை. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இனி உன் போன் வந்தால் சமையலறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவேன். அங்கே குருவிச் சத்தம் கேட்காது, நான் மட்டும்தான் இருப்பேன். அப்படியும் பேசத் தோன்றினால் கூப்பிடு.

உன்னைப் பெற்ற
யம்மா ஸுலைகா