துரையின் கைத்தடி

அண்ணா,

இன்று பல் டாக்டரிடம் போயிருந்தேன். கிராம்புத் தைலத்தின் வாசம் மூக்கில் ஏறியதும் என் முறை வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். நீ துருப்பிடிக்காமல் இருக்க அந்தத் தைலம் தொட்டுக் கத்திகளைத் துடைத்துவைக்கும்போது வீடெங்கும் அடித்த வாசம் அது.

எண்பதுகளில் நீ ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தாய். ஞாயிறு வந்தால் நீ வீடு தங்கமாட்டாய். என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பழைய சாமான் விற்கும் சந்தைகளைத் தேடி அலைவாய். வளைந்து நெளிந்த மலாய்க் குத்துவாள் கிரிஸ், யுத்தத்தில் ஜப்பான்காரன் விட்டுப்போன வாள், பிடி கழன்ற பாராங் வெட்டுக்கத்தி என்று கட்டிலுக்கடியில் இடமில்லாமல் போனது. இத்தனையையும் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்று அம்மா புலம்புவார். போலீஸ் மறித்தால் என்ன சொல்வது என்று நான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவேன்.

ராசா ஊர்ச் சந்தையில் ஒரு சீனக் கிழவர் விரித்திருந்த சாக்கில் அந்தக் கைத்தடி கிடந்தது. நாய்த்தலைப் பிடி, ஒரு காது உடைந்திருந்தது. நீ திருகி இழுத்ததும் உள்ளிருந்து ஒல்லியாக ஒரு வாள் வந்தது. உன் முகம் மாறிவிட்டது. நம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ரப்பர் காட்டுக்குள் ஊன்றி நடந்த தடி அது. அவர் வந்தால் அப்பா கால்வாய்க்குள் இறங்கி வழிவிடுவார்.

திரும்பும்போது நீ எங்கும் நிறுத்தவில்லை. வீட்டில் அப்பாவின் முன் வாளை உருவிக் காட்டினாய். அவர் அதைப் பார்க்காமல் பிடியில் உடைந்த காதையே தடவிக்கொண்டிருந்தார்.

“இதுக்குள்ளயா இருந்துச்சு?”

“ஆமாப்பா. எந்நேரமும் கையிலதான வச்சிருந்தாரு.”

அப்பா சொன்னார்: “அப்ப அவரு நம்மளப் பாத்துப் பயந்திருக்காருடா. அது தெரியாம நான் கால்வாய்ல எறங்கி நின்னிருக்கேன்.”

சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நீ சாயங்காலம் வரை கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தாய். சுவரில் மாட்டப் போகிறேன் என்றாய், அப்பா விடவில்லை.

“அந்த ஆளோட பயத்த நம்ம வீட்டுல எதுக்கு மாட்டணும்?”

நெஞ்சுவலியில் நீ திடீரென்று போனபின் எல்லாம் கைமாறிப் போயின. என்னிடம் ஒரு பேனாக்கத்திகூட இல்லை. ஆனால் எங்கள் ஆபீசில் மேனேஜர் மேசையைத் தட்டிக் கத்தும்போது மற்றவர்கள் எழுந்து நிற்கிறார்கள். இவர் எதற்கு இப்படிப் பயப்படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்கும் பயம்தான், அண்ணா. ஆனால் நான் எழுந்து நிற்பதில்லை.