உத்திரத்தில் கட்டிய சேலை

என் பிரியமான ருக்மணி அக்கா,

ஆடியில் உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம், மார்கழி பிறந்துவிட்டது. உங்கள் நாற்காலியில் புது ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷர்தான், வாயைத்தான் திறக்க மாட்டார். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

போன தடவை வந்தவர், பெண்பிள்ளைகள் தூக்கிவரும் தம்பி தங்கைகளுக்காக வகுப்பறை உத்திரத்தில் நீங்கள் கட்டிவைத்த சேலைத் தொட்டிலைப் பார்த்து முகம் சுளித்தார். "இது பள்ளிக்கூடமா, பிள்ளை வளக்குற வீடா? அவுத்துப் போடுங்க" என்றார். எதிர்த்துப் பேச நீங்கள் இல்லை. அவிழ்த்தோம்.

மறுவாரமே பெண்பிள்ளைகள் வரிசை காலி. பையன்கள் மட்டும் வாய்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குறைந்தால் இரண்டாவது டீச்சரான என் இடத்தையே எடுத்துவிடுவோம் என்று திருச்சுழி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நான் நரிக்குடிப் பக்கம் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்வேன். இந்தப் பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்?

நாலாம் வகுப்பு முத்துமாரியை நினைவிருக்கிறதா? இடுப்பில் தம்பியோடு வருவாளே. அவளைத் தேடிப் போனேன். அவள் அம்மா இருளாயி பருத்திக்குக் களைவெட்டக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இவ பள்ளிக்கூடம் வந்துட்டா சின்னவன யாரு டீச்சர் பாக்குறது?" என்றாள். பிள்ளைகள் குறைந்தால் என்னாகும் என்று அவளிடம் புலம்பிவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை இருளாயி வந்து நிற்கிறாள், இடுப்பில் அந்தப் பயலோடு. "புள்ளைக கொறையுதுன்னுதான சொன்னீக? இவனையும் ஒண்ணாப்புல சேத்துக்கோங்க."

பால்குடி மறக்காத பிள்ளை, அக்கா! தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால்தானே வயசு வந்துவிட்டதென்று சேர்ப்போம்? அவன் கையைப் பிடித்து இழுக்கிறாள், உச்சந்தலையைக்கூடத் தாண்டவில்லை. "கொஞ்சம் தலையச் சாய்லே" என்று அவனை அதட்டுகிறாள். அவனுக்கோ ஒரே சிரிப்பு.

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் வாசலைப் பார்த்தேன். சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முத்துமாரி நின்றாள், உள்ளே கூப்பிடுவேனா என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

உங்கள் ஊதாச் சேலையை மறுபடியும் உத்திரத்தில் கட்டிவிட்டேன். ஹெட்மாஸ்டர் பார்த்தார், தன் வகுப்புக்குப் போய்விட்டார். இன்றைக்கு அவன் அதில் தூங்கினான். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே முத்துமாரி மறு கையால் கணக்குப் போட்டாள்.

நாளைக்கு வரும் இன்ஸ்பெக்டர் எதை வேண்டுமானாலும் எழுதட்டும். அந்தப் பயல் கை அவன் காதை எட்டும்வரை தொட்டில் இறங்காது, அக்கா. உங்கள்மேல் சத்தியம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
செல்லம்மா