பரிசத் தட்டில் வந்த போன்

4.11 செவ்வாய்

விடிஞ்சதிலிருந்து மழை. ஆப்பீஸ் கூரை ஒழுகுது, வாளி வச்சாச்சு. லோரி எடைச் சீட்டு பாதி டைப் பண்ணாமக் கிடக்கு. மனசு வேலையில இல்ல.

மாலா சனிக்கிழமை சுங்கை சோவிலிருந்து வந்தா. ஒரு பை, வீங்கின உதடு. "இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்க்கா." சரி, போகாதே. நான் புக்கிட் பெலிம்பிங்குக்கு வீடு மாறினது அவ புருஷன் சேகருக்குத் தெரியாது. அவன்கூட நான் பேச்சை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. தங்கச்சி இங்க இருக்கான்னு அம்மாகிட்டகூடச் சொல்லல.

நேத்து ரெண்டு பேரும் பத்தாங் பெர்ஜுந்தாய் மார்க்கெட் போய் மீன் வாங்கினோம், மாலா போன்ல ஒரு படமும் எடுத்தா. வீட்டுக்கு வந்து செதில் சுரண்டிக்கிட்டு இருக்கேன், மாலா போன்ல சேகர்கிட்டேருந்து மெசேஜ். "பெர்ஜுந்தாய் மீனு ஃப்ரெஷ்ஷா லா?" அவ்வளவுதான். திட்டு இல்ல, ஒண்ணுமில்ல. அவ போனைக் கவிழ்த்து வச்சிட்டா.

யார் சொன்னா? பெரியம்மா மார்க்கெட்ல பார்த்திருக்கும். அதுக்கு வாய் சும்மா இருக்காது.

5.11 புதன்

பெரியம்மாவுக்கு போன் பண்ணிக் கத்திட்டேன். "நான் மார்க்கெட்டுக்கே போகலடி, முட்டி வலி"ன்னு அழுவுது. பாவம். வாங்க வேண்டியது: சோப்பு, கோழித் தீவனம், பெரியம்மாவுக்குத் தைலம்.

6.11 வியாழன்



கிள்ளான்ல ஒரு பாலர் பள்ளி. வேலையும் உண்டு, தங்க ரூமும் உண்டு. மாலா எழுதிப் போட்டிருந்தா, வரச் சொல்லியிருந்தாங்க. அங்க போயிட்டா அவன் கண்ணுலயே படமாட்டான்னு நம்பிக்கிட்டு இருந்தோம். இன்னிக்கு அவங்ககிட்டேருந்து ஈமெயில்: வேலை வேண்டாம்னு நீங்க சொல்லிட்டதால இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்.

இவ எப்ப வேண்டாம்னு சொன்னா? அனுப்பின கடிதங்கள்ல போய்ப் பார்த்தேன். இருக்கு. இவ பேர்லயே, அழகான மலாய்ல. மாலாவுக்கு அவ்வளவு நல்ல மலாய் எழுத வராது.

"அக்கா, நான் எழுதலக்கா. சத்தியமா."
"தெரியும். சும்மா இரு."

அப்ப நம்மகூடவே உட்கார்ந்து எல்லாத்தையும் படிக்கிறான். மீன் வாங்கினதையும் போன்தான் சொல்லியிருக்கு. பெரியம்மாகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது.

7.11 வெள்ளி

லீவு போட்டேன். போன் கடை பாய் ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து கடையத் திறந்ததும் போனோம்.

பாய்: "ஈமெயில் யார் திறந்து கொடுத்தது?"

மாலா சொன்னா, பரிசம் போட்டப்ப மாப்பிள்ளை வீட்டுத் தட்டுல வந்த போன்னு. வெத்தலை பாக்கு, பட்டுச் சேலை, அதுக்கு மேல இந்த போன். ஈமெயில், பாஸ்வர்ட் எல்லாம் அவனே போட்டு ரெடியா. அன்னிக்கு ஊரே மெச்சுச்சு, என்ன பாசம், என்ன பாசம்னு. பாஸ்வர்ட் என்னன்னு இவ இன்னிவரைக்கும் கேட்டதில்ல. கட்டிக்கப்போறவர் கொடுத்ததை எப்படிக் கேள்வி கேக்குறதாம்.

பாய் நோண்டிப் பார்த்தாரு. அதே கணக்கு இன்னொரு போன்லயும் திறந்திருக்கு. பாஸ்வர்டை மாத்தலாம்னு அமுக்கினாரு. ரகசிய எண் கேட்டுச்சு. அந்த எண் போறது சேகர் நம்பருக்கு.

பாய் முகம் மாறிடுச்சு. "அமுக்கியிருக்கக் கூடாதும்மா. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கடைய விட்டு இறங்கல, மெசேஜ். "பாஸ்வர்ட் மாத்துறியா? கேட்டா நானே சொல்வேனே."

எனக்கு நிஜமாவே பயம் வந்துடுச்சு. மாலா அழல. வர்ற வழி பூரா செம்பனைத் தோட்டத்தையே பார்த்துக்கிட்டு வந்தா.

பாய் சொன்னது: புது சிம், புது ஈமெயில், இந்தக் கணக்கே வேண்டாம். வேணுங்கிற படத்தை எடுத்துக்கிட்டு போனை அணைச்சிடுங்க. போலீஸ்ல எழுதிக் கொடுங்க.

8.11 சனி

வெயில். துணியெல்லாம் துவைச்சுப் போட்டாச்சு. மத்தியானம் ஸ்டேஷன் போகணும், அடையாள அட்டை எடுத்து வச்சேன்.

மாலா போனைத் தூக்கிப் போட மனசில்லாம கையிலயே வச்சிருந்தா. "தட்டுல வந்ததுக்கா." வாயில நல்லா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அப்பா படங்களெல்லாம் இதுலதான் இருக்காம். நான் எடுத்துத் தர்றேன், நீ போய்க் குளின்னு அனுப்பினேன்.

படங்களத் திறந்தேன். அப்பாவைத் தேடிக் கீழ போகணும். மேலயே புதுசா ஒண்ணு.

ஒரு வீடு. பச்சை கேட். கொடியில மஞ்சத் துண்டு.

காலையில நான் காயப்போட்ட துண்டு.

மாலா எடுத்ததில்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எடுத்தது. ஒரே கணக்கு, இவ எடுக்கிறது அங்க போகும், அவன் எடுக்கிறது இங்க வரும்.

போலீசுக்கு அடிச்சிட்டேன். வர்றாங்களாம், கதவைத் திறக்க வேண்டாமாம். பூட்டிட்டேன். அவங்க வர்ற வரைக்கும் எழுதிக்கிட்டு இருக்கேன். மாலா இன்னும் குளிச்சுக்கிட்டு இருக்கா, தண்ணி சத்தம் கேக்குது.

இன்னொரு படம் வந்திருக்கு. குளியலறை ஜன்னல்.