புது கூலரின் அடியில் ஒரு தாள்

மாலை வகுப்புக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், இன்றும் வரப்போகும் உங்கள் ஆபீஸ் தோழிக்கும் சேர்த்துத்தான்.

நேற்று அவள் நம் கம்ப்யூட்டருக்குள் மாட்டிய புது கூலர் பழையதைவிட மோசம், பிராசசர் கொதிக்கிறது என்று இருவரும் முடிவு கட்டினீர்கள். இன்று மேசையைத் துடைக்கும்போது, திறந்தே கிடந்த கம்ப்யூட்டருக்குள் பார்த்தேன். கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உரிக்காமலே மாட்டிவிட்டாள் போல; அது நடுவில் இருந்தால் சூடு எப்படி கூலருக்கு ஏறும்? நான் பார்த்தது தப்பாகவும் இருக்கலாம் என்று டார்ச் அடித்து மறுபடி பார்த்தேன். தாள்தான்.

நான் எடுக்கவில்லை. “நீ தொடாத, அவ பாத்துப்பா” என்றீர்களே.

பி.கு.: பழைய கூலரை நாம் சேர்ந்து மாட்டியபோது தாளை உரித்தது நான். நினைவிருக்கிறதா?

இன்னொன்று: அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால், அவள் பங்குச் சாப்பாட்டை எனக்கு எடுத்து வையுங்கள். வந்து இந்தத் தாளையும் நானே உரித்துத் தருகிறேன்.