ஒட்டுக்கு மேலே ஓர் இலை

பொழில் செழிக்க, குடி தழைக்க, கோல் நிலைக்க. ஏழு ஏரி சூழ்ந்த பொழில்நாட்டை ஒரு குடைக்கீழ் வைத்து ஆளும் எங்கள் அரசியார், பெருந்தகை இளநாகத் தேவியார் திருமுன்பு, கல்மலை நாட்டு அரசவையில் தேவியாரின் தூதனாய் இருக்கும் கீரன் தத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. இங்கு கல்மலை வேந்தர் வல்லரையர் நலம். அவர் குடிபடை நலம். நம் மாந்தோப்புத் தலைவி பூதியும் நலம், இரண்டு கைகளோடும் நலம் என்பதைத் தேவியார் முதலில் அறிந்தருள்க. கைகளைச் சொன்ன காரணம் கீழே வரும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கல்மலை வேந்தர் நம் தோப்புக்குத் தாமே எழுந்தருளி, யானை ஒன்று ஈந்து, தேன்குட மாங்கன்று ஒன்றை வாங்கிச் சென்றதும், அதைப் பூதியே தேர்ந்து கொடுத்ததும் தேவியார் அறிந்தவை. இந்த வேனிலில் அது முதன்முதலாகக் காய்த்தது. வாயில் வைத்த முதல் துண்டே பல் கூசும் புளிப்பாய் இருக்க, பொழில்நாட்டார் போலிக் கன்றைத் தலையில் கட்டிவிட்டனர் என்று வேந்தர் வெகுண்டார். கொடுத்தவள் நேரில் வந்து விடை சொல்லாவிடில் இரு நாட்டு நட்பும் முறியும் என்று ஓலை விடுத்தார். தேவியார் ஆணை பிறக்குமுன்பே பூதி மூட்டையைக் கட்டிவிட்டாள் என்று கேள்வி.

அவள் வருமுன்பே நான் மன்னிப்புரை ஒன்றை அழகுற எழுதி, மனப்பாடமும் செய்து வைத்திருந்தேன். பொறுமையாகக் கேட்டாள். "தத்தனாரே, என் கை தவறியிருந்தால் இந்த உரை என்னைக் காக்காது, தவறாவிட்டால் இந்த உரை எதற்கு?" என்றாள்.

அவையில் பொன் தட்டில் அந்தப் பழத்தை வைத்து, தின்று பார்த்து விடை சொல்லுமாறு வேந்தர் பணித்தார். பூதி அதைத் தொடவே இல்லை. சந்தையில் நல்ல பழத்தை நாரால் கட்டித் தொங்கவிட்டு எந்தக் கன்றையும் விற்றுவிடுவார்கள் என்றும், மாவின் இனம் அறியப் பழம் பார்ப்பது பிறகு, இலை பார்ப்பதே முதல் என்றும், ஆகவே மரத்தைக் காட்டியருளுமாறும் வேண்டினாள்.

மரத்தைச் சுற்றி வெண்கல வேலி. வேலியருகே நான்கு வேல்வீரர். அரசர் கொணர்ந்த மரத்தில் இலை கிள்ளுவோர் கை கொய்யப்படும் என்று அங்கே கல்லில் வெட்டியிருந்தது. ஆறு ஆண்டாய் எந்தத் தோட்டக்காரனும் அதில் கத்தி வைக்கவில்லை. பயபக்தியோடு நீர் மட்டுமே ஊற்றி வந்தனர். பூதி அந்தக் கல்லை நிதானமாகப் படித்தாள். படித்து முடித்தவள், வேந்தர் கண்முன்பே ஓர் இலையைக் கிள்ளினாள்.

கசக்கி முகர்ந்தாள். தேன்குட இலையின் ஓரம் நெளிநெளியாய் இருக்கும், இது நேராய் இருக்கிறது. தேன்குடத்தின் கொழுந்து செம்பு நிறம், இது வெளிர்பச்சை. மணமும் வெறும் பிசின் நெடி. ஆகவே இது தேன்குடமே அன்று என்று உரக்கச் சொன்னாள். அவையினர் நகைத்தனர். குற்றவாளியே ஒப்பிவிட்டாளே என்றார் அவர்கள் அமைச்சர். நான் என் மன்னிப்புரையின் முதல் வரியை நினைவில் தேடினேன்.

அவளோ மரத்தடியில் மண்டியிருந்த புதருக்குள் புகுந்து மண்டியிட்டு, அடிமரத்தில் முழங்கால் உயரத்தில் இருந்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டினாள். நாட்டுமாவின் அடியில் தேன்குடக் கிளையை ஒட்டவைத்த இடம் அது. அதற்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் நாட்டுமா. துளிர்த்த அன்றே அறுத்தெறிய வேண்டும். அறுக்க அஞ்சியதால் கீழ்த்துளிர்கள் ஓங்கிக் காய்த்துவிட்டன. ஒட்டுக்கு மேலே, வெயில் காணாமல், விரல் தடிமனில் ஒரே ஒரு கிளை உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதில் இரண்டாம் இலையைக் கிள்ளிக் கசக்கி வேந்தர் கையில் வைத்தாள். கன்று வாங்கிய நாளில் நம் தோப்பில் அவள் கசக்கித் தந்த அதே மணம் என்பதை அவர் முகமே சொல்லிற்று.

அமைச்சர் விடவில்லை, இலை இரண்டு, ஆகவே கை இரண்டு என்று கல்லைச் சுட்டினார். பூதி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கை போனால் போகட்டும் வேந்தே, மரம் பிழைக்கட்டும். முதலில் ஒரு கத்தி கொடுங்கள். வேலையை முடித்துவிட்டு நீட்டுகிறேன்."

தேவியாரே, வேந்தர் தம் இடைவாளை உருவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்த வாள் பூதியின் கையில் இருந்தது. நாட்டுமாக் கிளைகள் ஒவ்வொன்றாய் விழுந்துகொண்டிருந்தன. வேந்தர் தாமே கிளைகளை இழுத்துப் போட்டார். பொழில்நாட்டான் என்று சொல்லிக்கொள்ள அன்றைப்போல் நான் என்றும் பெருமைப்பட்டதில்லை.

கிளை தேறும்வரை ஒரு பருவம் பூதி இங்கேயே தங்குவாள், வேந்தரே வேண்டிக்கொண்டார். கல்லைப் பெயர்த்து, தோட்டக்காரர்கள் கத்தி தீட்ட நீர்த்தொட்டி அருகே போட்டிருக்கிறார்கள்.

இவ்வோலையை வழியில் மறிப்போர் தேவியார் ஆணையை மறித்தோர் ஆவர். காவலர் அனைவரும் வழி விடுக. கிள்ளிய இலை இரண்டையும் உள்ளே வைத்துக் கட்டி, தூது முத்திரை இட்டேன். எது நம்முடையது என்று எழுதவில்லை. தேவியார் கசக்கி முகர்ந்தருள்க.