மீட்டர் ஓடாத நேரம்

மே 6, செவ்வாய்

போதும். ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் இங்கேயாவது எழுதுகிறேன்.

இன்று மதியம் அடையாறு பாலத்தின் மேல் எங்கள் கடை வண்டி நின்றுவிட்டது. உள்ளே கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை. மடியில் முகூர்த்தப் பட்டுப் பெட்டிகள். கத்திரி வெயில். டிரைவர் டில்லிபாபு இறங்கி ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து அவர்களை ஏற்றி அனுப்பியிருக்கிறான். பெண்ணின் அப்பா எங்கள் முதலாளி ராஜரத்தினம் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "ரொம்ப நல்ல சகுனம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

ஆயில் இல்லாமல் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஏதோ ஒரு வண்டியில் இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். எந்த வண்டி, யார் ஓட்டும்போது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

மே 7

தூக்கம் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

தி. நகரில் எத்தனையோ பட்டுக்கடைகள். எங்கள் கடையின் தனிப் பெருமை கார். கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்களை வீட்டுக்கே போய் அழைத்து வருவோம், திரும்பக் கொண்டு விடுவோம். மயிலாப்பூரிலிருந்து, அடையாற்றிலிருந்து எவ்வளவு தூரம்? ஆனால் ஒரு கூறைப்புடவை எடுக்க ஒரு குடும்பத்துக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆகும். அதுவரை வண்டி கடைக்குப் பின்தெருவில் ஏ.சி.யோடு நிற்க வேண்டும். இன்ஜினை அணைக்கக் கூடாது. அண்ணாச்சியின் உத்தரவு அது: "கதவத் தொறந்தா குளுகுளுன்னு இருக்கணும், பாத்துக்கிடுங்க. வெந்த வண்டியில ஏத்துனா அடுத்த கல்யாணத்துக்கு வேற கடைக்குப் போயிருவாக."

இந்த வண்டிகளுக்குப் பதினோரு வருஷமாக நான் பொறுப்பு. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஜவுளிக்கடையில் கார்களைக் கவனிப்பவன். சரி, அந்தக் கதை வேண்டாம்.

போன வருஷம் அண்ணாச்சியின் மருமகன் மகேஷ் நிர்வாகத்துக்கு வந்தான். வந்ததும் எல்லா வண்டிக்கும் சிந்தெடிக் ஆயில். அதில் எனக்குச் சண்டை இல்லை, நல்ல ஆயில்தான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்ததை இருபதாயிரம் என்று ஆக்கினான். கார் வைத்திருப்பவர்களின் முகநூல் குழு ஒன்றில் யாரோ பெயர் போடாமல் எழுதியதைப் போனில் காட்டி அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்தான். நான் சொன்னேன்: நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. நம் வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நிற்கும்போதும் இன்ஜின் சுற்றுகிறது, ஆயில் வேகிறது, மீட்டர் மட்டும் நகர்வதில்லை. நாம் எண்ண வேண்டியது கிலோமீட்டரை அல்ல, இன்ஜின் ஓடிய நேரத்தை.

"அதெல்லாம் உங்க காலத்து ஆயில், அங்கிள்" என்றான் மகேஷ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறு வாரம் என் மேஜை மாடிப்படிக்குக் கீழே போயிற்று.

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். உடையட்டும், உடைந்தால் என்னைத் தேடி வருவார்கள் என்று இருந்தேன்.

மே 8

தேனாம்பேட்டை ஒர்க்‌ஷாப். வால்வு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே ஆயில் என்று சொல்ல எதுவும் இல்லை. காய்ச்சி ஆறவிட்ட கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக அப்பிக் கிடந்தது. ஆயில் உறிஞ்சும் சல்லடை முழுக்க அடைப்பு.

இதை அப்படியே அண்ணாச்சியிடம் சொல்லச் சொன்னேன். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஷரஃபுதீன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மகேஷ் தம்பி காலையிலயே பேசிட்டாரு சார். எனக்கு உங்க கடை வேலை வேணும்."

மே 10

தீர்ப்பு வந்துவிட்டது. ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததைப் பார்க்காமல் ஓட்டினான் டில்லிபாபு. வண்டிக்குள் ஏ.சி.யில் படுத்துத் தூங்குகிறவன்தானே, பாலத்தின் மேலும் கண் அசந்திருப்பான் — மகேஷ் சொன்னான். அண்ணாச்சி தலையாட்டினார். ஆனி முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் அவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கலாம், அதுவரை வர வேண்டாம் என்றார்.

டில்லிபாபு என்னைப் பார்த்தான். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

மே 11

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 18

அண்ணாச்சியைத் தனியாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயராமல் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் மகேஷ் பேரை எடுத்ததும் எங்கிருந்தோ மேஜை வந்துவிட்டது, மாடிப்படி வந்துவிட்டது, அந்த 'அங்கிள்' வந்துவிட்டது. ஏன் சொன்னேன் அதையெல்லாம்? யார் கேட்டார்கள்?

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ராஜகோபாலன் சார், டீ மெசின் வச்சப்பம் சரியில்லன்னீக. லிஃப்டு போட்டப்பம் சரியில்லன்னீக. தீவாளிக்கு இனிப்புக் குடுத்தா அதுலயும் ஒரு குத்தம். இந்தப் பதினோரு வருசத்துல நீங்க எதத்தான் நல்லதுன்னு சொல்லியிருக்கீக? இப்ப எம் மருமவன்."

எழுந்து மாடிப்படிக்குக் கீழே என் மேஜைக்கு வந்துவிட்டேன்.

மே 19

மனைவி பங்கஜத்திடம் சொன்னேன். சாம்பாரைக் கிளறிக்கொண்டே, "நீங்க சொன்னது சரிதான். ஆனா ஆத்துலயும் இதே மாதிரிதான் சொல்றேள்" என்றாள்.

மே 25, ஞாயிறு

பட்டினப்பாக்கம் போனேன். ஆற்றோரக் குடிசைகளை அகற்றி டில்லிபாபு குடும்பத்தை அரசாங்கம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பி வருஷங்கள் ஆகின்றன. வேலை இல்லாததால் இப்போது அங்கிருந்து பஸ் பிடித்து வந்து, மச்சினிச்சி பாஞ்சாலியின் மீன் கடையில் ஐஸ் உடைத்துக் கொடுக்கிறான். என்னைப் பார்த்ததும் பாஞ்சாலி, "மாமா, உன் கடை சார் வந்துகீறாரு. வஞ்சிரம் வாங்க வந்தா மாதிரி தெர்ல" என்றாள். அவன் சிரித்தான். என்னாலும் சிரிக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தப்பு அவன் மேல் இல்லை, எல்லார் முன்னாலும் அதை நான் சொல்லப்போகிறேன் என்றேன். உளியைக் கீழே வைத்தான்.

"வேணாம் சார். நீ மட்டும் பேசாத. நீ வாயத் தொறந்தாலே அண்ணாச்சிக்குக் காண்டாவுது. ஆனி முடிஞ்சி கூப்டுவாங்கன்னு குந்திகினுகீறேன். நீ எனுக்காகப் பேசுனேன்னு தெரிஞ்சா அதுவும் பூடும்."

கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நெசமாவே தூங்கிட்டனோ இன்னாவோ சார். எல்லாரும் சொல்றாங்களே."

இதைத்தான் தாங்க முடியவில்லை.

மே 30

வேலு ஓட்டும் வண்டியில் காலையில் கிளப்பும்போது டக்டக் என்று சத்தம் வருகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். அதே கறுப்பு, அதே பிசுபிசுப்பு. கடைசியாக ஆயில் மாற்றியதிலிருந்து மீட்டர் இன்னும் பதினைந்தாயிரத்தைத் தொடவில்லை. "இருபதுக்கு இன்னும் டைம் கீது சார்" என்றான் வேலு. சொல்லிவிட்டு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கடைக்குள்ளே ஒரு கல்யாணம் ஜவுளி எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்தது இவன்.

ஜூன் 1, ஞாயிறு

மகேஷ் நம்புகிற அந்த முகநூல் குழுவிலேயே எழுதுவது என்று காலையில் உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இரண்டு பக்கம். வாசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மருமகன்தான் இருந்தான். அவனை எடுத்தேன். மாடிப்படியை எடுத்தேன். என் படிப்பை எடுத்தேன். கடையைக் கல்யாண மண்டப வாசலில் காத்திருக்கும் வண்டிகள் என்று மாற்றினேன். கடைசியில் எட்டு வரிதான் மிஞ்சியது. பதினோரு வருஷத்தில் நான் சொன்னவற்றில் தேறியது இவ்வளவுதான் போலிருக்கிறது.

சிந்தெடிக் ஆயில் நல்லது. ஏ.சி.யோடு நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்கு இருபதாயிரம் என்ற கணக்கு ஆகாது. இன்ஜின் ஓடிய நேரத்தை எண்ணுங்கள். அப்படி நின்றுபோன வண்டிக்கு அதை ஓட்டியவன் பொறுப்பில்லை. இந்தக் கடைசி வரியை எடுத்து முதலில் வைத்தேன். மகேஷ் எதையும் முழுக்க வாசிப்பவன் அல்ல.

பார்த்ததும் அவன் அதை அண்ணாச்சியிடம் கொண்டுபோவான். தான் கண்டுபிடித்ததாகவே காட்டுவான். வேலுவின் வண்டிக்கு ஆயில் மாற்றுவார்கள். மகேஷை யோசனைக்காரன் என்பார்கள். டில்லிபாபுவைக் கூப்பிடுவார்களா, தெரியாது. அந்த முதல் வரியை வாசிக்காமல் மகேஷின் கண் தாண்டிப் போய்விட்டால் டில்லிபாபுவுக்கு அதோடு சரி.

கீழே கையெழுத்தாக மட்டும் என் முழுப் பெயரையும் படிப்பையும் விட்டு வைத்திருந்தேன். அவற்றோடு வாசித்துப் பார்த்தேன். நானே நம்பவில்லை — மறுபடியும் ராஜகோபாலன் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் தோன்றியது.

இரண்டையும் அழித்துவிட்டேன். சாயங்காலம் பெயரில்லாமல் போடுகிறேன்.